இரும்புக்கடை வாசலில் மாட்டிய பலகை

கொல்லங்கோடு,
பிப்ரவரி 1956

போடிமெட்டு ஏலக்காய் வியாபாரியும் எங்கள் வருங்காலச் சம்பந்தியுமான மகா கனம் நூர்தீன் ராவுத்தர் அவர்களுக்கு, இரும்புக்கடை ஜப்பார் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். ஆண்டவன் கிருபையில் நான், மனைவி ஐசும்மா, மகள் கௌலத் மூவரும் சுகம். தாங்களும் மாப்பிள்ளை ஹக்கீமும் சுகமாயிருக்க துவா செய்கிறோம்.

தங்கள் கடிதம் கிடைத்தது. கடை வாசலில் மாட்டிய பலகையைக் கழற்றாவிட்டால் நிக்காஹ் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு வலிப்பு உண்டென்று பெண் கேட்டு வந்த அன்றே சொன்னேன். நமக்குள் இருக்கட்டும் என்றீர்கள். நான் ஊருக்கே எழுதி மாட்டிவிட்டேன். கோபம் நியாயம்தான். ஆனால் என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

வலிப்பு வந்தவன் கையில் இரும்பைக் கொடுத்தால் நின்றுவிடும் என்பது நம் ஜனங்களின் நம்பிக்கை. மற்றவன் விழுந்தால் ஒரு சாவிக்கொத்தைத் தேடி நாலு பேர் ஓட வேண்டும். நான் விழுவதோ இரும்புக்கடையில், இரும்புக்கா பஞ்சம்? கண் திறந்து பார்த்தால் இந்தக் கையில் பூட்டு, அந்தக் கையில் கதவுக் கீல், நெஞ்சுமேல் கடப்பாரை. போன சந்தையன்று விவசாயி குப்பண்ணன் புதுக் கலப்பைக் கொழுவை எடுத்து என் கையில் திணித்திருக்கிறார். நான் உதறிய உதறலில் அது அவர் முழங்காலிலேயே விழுந்து, நான் எழுந்து உட்கார்ந்தபோது அவர் பக்கத்தில் படுத்துக் கிடந்தார். கும்பலில் பாதி என்னை விட்டுவிட்டு அவருக்கு விசிறிக்கொண்டிருந்தது. வலியோடு வலியாக அவர் கேட்டார்: "ஏனுங்க பாய், கொழு பத்தலைங்களா? பெரிய இரும்பாக் குடுத்திருக்கோணுமுங்களா?" இதிலே இன்னொரு புண்ணியவான் என் பல்லுக்கிடையில் கரண்டியை விட்டு முன்பல்லையும் உடைத்துவிட்டார்.

பாலக்காட்டு டாக்டர் சொன்னார், இது மூளை நரம்பு சம்பந்தப்பட்ட வியாதியாம். ஜின்னும் இல்லை, பேயும் இல்லை, தொத்தவும் தொத்தாதாம். மாத்திரை கொடுத்தார். வெளியே வந்து நேராக போர்டு எழுதுகிறவனிடம் போனேன். தமிழிலும் மலையாளத்திலும் எழுதச் சொன்னேன்: "இக்கடை முதலாளிக்கு வலிப்பு உண்டு. விழுந்தால் பயப்பட வேண்டாம். கையில் இரும்பு, வாயில் கரண்டி, தண்ணீர் எதுவும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குத் துணி கொடுத்து, கூட இருந்தால் போதும். எழுந்ததும் வியாபாரம் நடக்கும்."

சிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொருவராக வந்து, ஆணி வாங்குகிற சாக்கில், "எங்கூட்லயும் ஒருத்தருக்கு இருக்குதுங்க" என்று காதோடு சொன்னார்கள். வலிப்பு வரும் மகளை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்த வள்ளியாத்தாள், இப்போது அவளையும் கூட்டிக்கொண்டு சந்தைக்கு வருகிறாள். அதைப் பார்க்கும்போது மனசு நிறைந்துபோகிறது.

என்ன செய்ய, எனக்கு இருப்பது ஒரே மகள். அவளுக்கு ஹக்கீமைப் பிடித்துப்போயிற்று. தங்கள் உத்தரவுப்படி நாளைக் காலையில் பலகையைக் கழற்றிவிடுகிறேன். கல்யாணத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். தங்கள் வீட்டார் அனைவருக்கும் எங்கள் சலாம். ஏலக்காய் நல்ல விலைக்குப் போகட்டும்.

இப்படிக்கு,
ஜப்பார்

பின்குறிப்பு: நேற்று எழுதிய இந்தக் கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. காலையில் ஏணி போட்டு ஏறினேன். கீழே தங்கள் மகன் ஹக்கீம் நிற்கிறார்! தங்களிடம் சொல்லாமல் பஸ் ஏறி வந்திருக்கிறார். பலகையை முழுக்கப் படித்துவிட்டு, "அதக் கழட்டாதீக மாமா. எனக்கும் இருக்கு, சின்னப் புள்ளையிலேர்ந்து. யாருட்டயும் சொல்லக் கூடாதுன்னு அத்தா சத்தியம் வாங்கிட்டாக" என்று சொல்லிக் கண் கலங்கினார். நான் ஏணியிலிருந்து இறங்கி ஆணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

மறைத்துப் பெண் கேட்டீர்களே என்று ஆத்திரம் வந்தது உண்மை. கௌலத்தைக் கேட்டேன். "அத்தா, உங்களைப் பாத்துக்கறவளுக்கு இவங்களைப் பாத்துக்கத் தெரியாதுங்களா? அவங்களே வந்து சொல்லிட்டாங்க, அது போதும்" என்றாள்.

நிக்காஹ் குறித்த நாளில் நடக்கும். பலகை இறங்காது. மாப்பிள்ளையைக் கூட்டிப்போகத் தாங்களே வாருங்கள். வந்ததும் வாசலில் நின்று அதை ஒருமுறை படியுங்கள், சம்பந்தி. பிள்ளை விழும்போது என்ன செய்ய வேண்டுமென்று இத்தனை வருஷமாகத் தங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.