சிவனாண்டியின் தீ அணையட்டும்

"மறுபடியும் அணைஞ்சுபோச்சாண்ணே?"

கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பால்பாண்டி எட்டிப் பார்த்துக் கேட்டான். சிவனாண்டி பிரிண்டரிலிருந்து கிழித்த நீளக் காகிதத்தைத் தரையில் விரித்து, அதன் எதிரே குந்தியிருந்தான். சூடான இடத்தில் ஒன்பது, ஆறிய இடத்தில் பூஜ்யம் என்று அச்சடிக்க வேண்டிய காகிதம். முழுக்கப் பூஜ்யம். முட்டைக்கடை பரப்பிய மாதிரி இருந்தது.

"பத்துது பாண்டி. பத்துன கையோட அணைஞ்சுருது."

"எண்ணெய் காணலையோ?"

"உள்ள ஏதுய்யா எண்ணெய்? எல்லாம் கணக்கு."

"கணக்குலயே எரிய மாட்டேங்குதா? வெளங்கும்."

எண்பத்து நாலில் அந்தக் கல்லூரிக்கு இருந்தது ஒரே கம்ப்யூட்டர். வாத்தியார்களுக்கு மின்விசிறி சுற்றாத கட்டடத்தில் அதற்கு மட்டும் ஏசி. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெள்ளிக்கிழமை பால்பாண்டி அதற்குச் சாம்பிராணி காட்டுவான். ஏசி அந்தப் புகையை வெளியே விடாமல் திங்கட்கிழமை வரை வைத்திருக்கும்.

சோழவந்தானில் நெல் அவிக்கிற மில் வைத்திருந்த காசிமாயன், பாய்லருக்குப் புதிதாக ஓர் எண்ணெய் பர்னர் வாங்கியிருந்தார். காற்றைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே தள்ளும் ரகம். அப்படிச் சுழன்றால் தீ நடுவில் வளைந்து திரும்பி, தன் காலைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கும் என்பது சாஸ்திரம். அதன் அளவுகளைப் பேராசிரியர் முத்திருளனிடம் கொடுத்துவிட்டுக் காசிமாயன் பேச ஆரம்பித்தார். முத்திருளன் யாரையும் முழுசாகப் பேசவிட்டதில்லை. "தீ எப்படி எரியும்னு கம்ப்யூட்டர்ல பாக்கணும், அம்புட்டுத்தானே? சனிக்கிழமை வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

சிவனாண்டியிடம் இன்னும் சுருக்கம்.

"உன் டெம்பரரி வேலை இந்த மாசத்தோட முடியுது. சனிக்கிழமை தீ நின்னா நீயும் நிப்ப. அணைஞ்சா கெளம்பிரு."

கிளம்பினால் எங்கே போவது என்பதில் குழப்பமே இல்லை. கீழமாசி வீதி மண்டியில் மூட்டை தூக்கித்தான் அவன் இன்ஜினியர் ஆனான். பிடரியில் காய்ப்பு இன்னும் இருந்தது. அண்ணன் சுருளி இன்னும் அங்கேதான் தூக்குகிறான். பார்க்கும்போதெல்லாம், "ஒனக்குன்னு ஒரு மூட்டைக் கொக்கி தனியா வச்சிருக்கேன்டா" என்பான். அது பாசமா கேலியா என்று சிவனாண்டிக்குக் கடைசிவரை புரியவில்லை.

"மில்லுக்கே போய்ப் பாத்துட்டு வந்தா என்னண்ணே?" என்றான் பால்பாண்டி.

"கம்ப்யூட்டர் இருக்கையில மில்லு எதுக்குன்னு சாரு கேப்பாரு. புது பர்னருய்யா. எரியாததையா ஒரு மனுசன் வாங்குவான்? தப்பு நம்ம கணக்குலதான்."

கணக்கைத் திருத்தினான். காற்றின் சுழலைக் கூட்டி, மெஷினுக்குக் கணக்கைச் சொல்லும் அட்டைகளைப் புதிதாகத் துளையிட்டு, கட்டாகக் கட்டிக் கொடுத்தான். இந்தத் தடவை தீ அணையவில்லை. பர்னரை விட்டுப் பின்பக்கமாகக் கிளம்பி, குழாய்க்குள் ஏறி, எண்ணெய் வரும் வழியே நடந்துபோனது.

முத்திருளன் காகிதத்தைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"என்னய்யா இது?"

"தீ சார்."

"அது தெரியுது. மில்லுக்காரன் எண்ணெய் டேங்குல ஏன்யா கொண்டுபோய் வைக்கிற? அந்தாளு ஒனக்கு என்ன பாவம் பண்ணுனாரு?"

சுழலைக் குறைத்துவிட்டு, கணக்குக்காகத் தீயைப் பிரித்திருந்த கட்டங்களைப் பொடிசாக்கினான். தீயின் கொந்தளிப்பை அங்குலம் அங்குலமாகப் பிடித்துவிடலாம் என்று எண்ணம். புதன்கிழமை காலை ஓடத் தொடங்கிய மெஷின் வியாழக்கிழமையும் ஓடிக்கொண்டிருந்தது. அதே மெஷினில்தான் செமஸ்டர் மார்க்கும் போட வேண்டும். ரிசல்ட் இன்று வராது என்று நோட்டீஸ் ஒட்டியதும் மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். யாரால் தாமதம் என்று எவனோ விசாரித்துச் சொல்லிவிட்டான்.

"அணையட்டும் அணையட்டும்! சிவனாண்டி தீ அணையட்டும்!"

கோஷம் ஏசி அறைக்குள்ளேயே கேட்டது. பால்பாண்டி கதவுக்கு முட்டுக் கொடுத்து நின்றான்.

"அண்ணே, வெளிய போய் ஏற்கெனவே அணைஞ்சுதான் கெடக்குன்னு சொல்லிருவோமா? கலைஞ்சு போயிருவாய்ங்க."

பிரின்சிபால் ஆள் அனுப்பி ஓட்டத்தை நிறுத்தினார். அதுவரை அச்சாகியிருந்ததைச் சிவனாண்டி எடுத்துப் பார்த்தான். தீயின் நடுப்பகுதி ஐஸை விடக் குளிர்ந்திருந்தது.

கோச்சடை வீட்டில் மனைவி சின்னத்தாய் சோற்றைப் போட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

"ஏங்க, தீப்பெட்டி வேணும்னா எடுத்துட்டுப் போங்க."

"ஒனக்குக் கேலியா இருக்கு. வேலை போச்சுன்னா மூட்டைக்குத்தான் போகணும்."

"போங்க. அந்த மூட்டையாச்சும் வச்ச எடத்துல நிக்கும்."

வெள்ளிக்கிழமை சிவனாண்டி சாஸ்திரத்தைக் கைகழுவினான். கட்டின் நடுவே ஒரே ஓர் அட்டையைச் சொருகினான். தீ எங்கே ஆறினாலும் உடனே ஆயிரத்து ஐந்நூறு டிகிரி என்று வைத்துக்கொள், அவ்வளவுதான் அதில் இருந்தது.

பிரிண்டர் கடகடத்தது. ஒன்பது, ஒன்பது, ஒன்பது. நடுவில் அழகான வளைவு. தாழம்பூ மடல் மாதிரி நின்றது தீ.

பால்பாண்டி கும்பிட்டுவிட்டுக் காகிதத்தைக் குனிந்து பார்த்தான்.

"அண்ணே, எண்ணெய் அளவுன்னு போட்டுருக்க எடத்துல சைபர்னு இருக்கு."

சிவனாண்டி பார்த்தான். அவசரத்தில் எண்ணெய் அட்டையைச் சொருக மறந்திருந்தான். எண்ணெயே இல்லாமல் தீ எரிந்துகொண்டிருந்தது.

"சாம்பிராணி காட்டுனது நீதானே? அப்பறம் என்ன கேள்வி?" என்று சொல்லி அந்த வரியை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டினான்.

சனிக்கிழமை காலை காசிமாயன் வந்தார். கூடவே சஃபாரி சூட் போட்ட ஒருவர். யார் என்று முத்திருளன் கேட்கவில்லை. காகிதத்தை மேசை நீளத்துக்கு விரித்துக் கோலால் காட்டினார்.

"பாருங்க. புயலடிச்சாலும் அணையாது. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

காசிமாயன் குனிந்து பார்த்தார். "நல்லாப் பாத்தீங்களா சார்? அணையவே இல்லையா?"

"சிவனாண்டி, சொல்லுய்யா."

"அணையலீங்க" என்றான் சிவனாண்டி. "நிக்குது."

சஃபாரி சூட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதை எழுத்துல குடுக்க முடியுமா சார்?" என்று கேட்டார். முத்திருளன் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு, கல்லூரி முத்திரையும் குத்திக் கொடுத்தார். அவர் அதை வாங்கிப் பைக்குள் வைத்தார். சிவனாண்டியைக் கட்டிப்பிடித்தார். பேராசிரியர் கையை இரண்டு தடவை குலுக்கினார். அடுத்த நிமிடம் வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

"ஒன் வேலை நிரந்தரம்யா. பிரின்சிபால்கிட்ட நானே சொல்றேன்" என்றார் முத்திருளன்.

சிவனாண்டிக்குப் பிடரியில் இருந்த காய்ப்பு இறங்கிப்போன மாதிரி இருந்தது. காசிமாயன் மட்டும் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, ஒங்க பார்ட்னருக்கு இருக்குற சந்தோஷம் ஒங்களுக்கு இல்லையே?" என்றார் முத்திருளன்.

காசிமாயன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவரு பார்ட்னரு இல்ல சார், எனக்குப் பர்னரை வித்த கம்பெனிக்காரரு, வாங்குன நாள்லருந்து அந்தச் சனியன் பத்துன கையோட அணைஞ்சுருதுங்கிறதை உங்க வாயால அவருகிட்டச் சொல்லவைக்கத்தான் இம்புட்டுத் தூரம் கூட்டிக்கிட்டு வந்தேன்."