என் கணினி அறிவித்த மண்சரிவு

“சேரோட மெஷின்ல செவப்பு வந்திருச்சு. எல்லாரும் பள்ளிக்கூடத்துக்குப் போங்க.”

எங்கள் தேயிலைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் வந்த செய்தி இது. எதையும் தேதியோடு குறித்துவைக்கும் வழக்கம் எனக்குண்டு. இதன் தேதியை மட்டும் வேண்டுமென்றே விடுகிறேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு அதை நினைவூட்ட விருப்பமில்லை.

சேர் என்பது நான்தான். இலங்கை மலையகத்தில், ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர். மெஷின் என்பது என் கணினி. உலகெங்கும் உள்ளவர்கள் தங்கள் கணினியின் ஓய்வு நேரத்தை ஆராய்ச்சிக்கு இரவல் கொடுக்கிறார்கள் என்று எங்கோ படித்தேன். ஒரு பெரிய கணக்கைத் துண்டு போட்டு ஆளுக்கொரு துண்டு அனுப்புவார்கள். நான் சேர்ந்தது மழையையும் காலநிலையையும் கணக்கிடும் திட்டம். (சம்பளம் கிடையாது. நன்றிகூடக் கிடையாது. அதனால்தான் எனக்குப் பிடித்தது.)

என்னிடம் இருந்தது பழைய கிராஃபிக்ஸ் கார்டு. அவர்கள் தரும் மென்பொருள் அதை மதிக்கவில்லை. மூலநிரலை எடுத்து, நம் கார்டில் ஓடும் மென்பொருளாக நாமே மாற்றிக்கொள்ளலாம், அதாவது கம்பைல் செய்துகொள்ளலாம் என்று யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் எழுதியிருந்தார். செய்தேன். வாரக்கணக்கில் செய்தேன். ஒன்றைச் சரிசெய்தால் வேறொன்று முறைத்துக்கொண்டது. சின்னக் குறைகளைத் திரை மஞ்சளில் காட்டும், பெரிய பிழைகளைச் சிவப்பில். என் திரை பெரும்பாலும் சிவப்பாகவே இருந்தது. நானும் களைத்துப்போயிருந்தேன்.

பக்கத்து லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டு, ஆறுமுகம் ஒருநாள் எட்டிப் பார்த்தார். மண்சரிவு ஆபத்து வந்தால் ஊரை எழுப்ப, தோட்டத்து அனர்த்தக் குழு வைத்திருந்த கை சைரன் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

“இது என்னங்க சேர் பண்ணுது?”

“உலகத்து மழையையெல்லாம் கணக்குப் போடுது.”

“நம்ம மலைக்குமா?”

“உலகத்துல நம்ம மலையும் சேர்த்திதானே?”

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் சொல்லியிருக்க வேண்டியதில்லை. அப்போது அந்த மெஷின் எந்த மலைக்கும் எதையும் கணக்குப் போடவில்லை. கம்பைலே ஆகவில்லை.

அந்த ஞாயிறு ஆறுமுகத்தின் மகள் கோமதிக்கு நிச்சயதார்த்தம். பண்டாரவளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வரவேண்டும். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒரே ஒரு தயக்கம். “மலைக்குக் கீழ இருக்கிற லயம், நாளைக்கு எம் மகன் அங்க வந்து தங்கணுமே” என்று தரகரிடம் சொல்லியிருந்தார். வியாழனிலிருந்து விடாத மழை வேறு. சம்பந்தம் கைநழுவிவிடுமோ என்று கோமதியின் அம்மா சாப்பிடாமல் கிடந்தார்.

மாலை வாங்கும் பொறுப்பு என்னுடையது. மறுபடி ஒரு கம்பைலைத் தொடங்கிவிட்டு டவுனுக்குப் போனேன். (கார்டைக் குளிர்விக்க ஒரு மேசை விசிறி வாங்கும் உள்நோக்கமும் இருந்தது.) என் மனைவி ஆறுமுகம் வீட்டில் சமையலுக்கு உதவிக்கொண்டிருந்தாள். விருந்தாளிகள் உட்கார எங்கள் வீட்டுக் கதிரைகளை எடுக்க வந்த ஆறுமுகம் திரையைப் பார்த்தார். முந்தின நாள் சாயங்காலம் அவர் பார்த்தபோது மஞ்சள். இப்போது மேலிருந்து கீழ்வரை சிவப்பு.

மண்சரிவு அறிவிப்பும் மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடிவதுதான். மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களோடு ஆட்களையும் புதைத்த பிறகு எங்கள் பக்கத்தில் யாரும் சிவப்போடு வாதாடுவதில்லை. ஆறுமுகம் கதிரையைப் போட்டுவிட்டுச் சைரனைச் சுற்றினார்.

நான் ஆட்டோவில் வந்து இறங்கியபோது மாப்பிள்ளை வீட்டு வேனும் பின்னாலேயே வந்து நின்றது. லயத்தில் ஒரு ஆள்கூட இல்லை. அடுப்பில் பிரியாணி மட்டும் இருந்தது. மேலே பள்ளிக்கூடத்துப் பக்கம் சைரன் ஓயாமல் அலறியது.

“என்னங்க, மலை வருதா?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

“தெரியலைங்க, ஓடுங்க” என்றேன்.

ஒரு கையில் குடை, மறு கையில் மேசை விசிறி. எனவே இரண்டு மாலைகளையும் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடினேன். பள்ளிக்கூட வாசலில் என் மனைவி நின்றாள்.

“மாலையும் கழுத்துமா வர்றீங்களே, ரெண்டாவது கல்யாணமா?”

“யாரு அறிவிச்சது?” என்று மூச்சிரைக்கக் கேட்டேன்.

“நீங்கதான் சேர்” என்றார் ஆறுமுகம். “உங்க மெஷின்லதான் செவப்பு வந்துச்சு.”

பட்டுச்சேலை முழுக்கச் சேறான சம்பந்தியம்மாவின் முன்னால் நான் விளக்க வேண்டியிருந்தது. “அது மழையில்லைங்க. நான் தப்புத்தப்பா பண்ணதுக்கு அது காட்டுன செவப்பு.”

கோமதியின் அம்மா அழத் தொடங்கினார். ஆறுமுகம் மட்டும், “சும்மா ஓடுனா காலு வலிக்கும், அவ்வளவுதானே” என்று முணுமுணுத்தார்.

சம்பந்தியம்மா மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். தொட்டில் பிள்ளைகள், படுக்கையில் கிடந்த கிழவர், ஒரு வெள்ளாடு, எல்லாம் வந்து சேர்ந்திருந்தன.

“ஒருத்தரையும் விட்டுட்டு வரலையே நீங்க” என்றார் மெதுவாக. “எம் மகனையும் இப்பிடித் தூக்கிட்டு ஓடுவீங்கதானே? தட்டை இங்கயே மாத்திக்கலாம். மாலையை அந்தாளு கழுத்துல இருந்து எடுங்க.”

கரும்பலகைக்கு முன்னால் நிச்சயதார்த்தம் நடந்தது. பிரியாணி அடிப்பிடித்துவிட்டது. இன்றும் மழை பிடித்தால் கோமதியின் கணவர் பண்டாரவளையிலிருந்து அழைக்கிறார்: “சேர், இன்னைக்கு என்ன கலர்?”

பிற்பாடு அந்த மென்பொருள் ஒருவழியாகக் கம்பைல் ஆனது. ஒரே ஒரு கணக்கை முடித்து அனுப்பியது, பிறகு கார்டு செத்துவிட்டது. வேறொருவர் கணினியும் அதே விடையைச் சொன்னால்தான் அந்தக் கணக்கை ஏற்பார்கள். அது சரியா தவறா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.