மதுவிலக்குக்காரருக்கு நான் ஊற்றிய அன்னாசிப் பானம்

பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காப்பி கொடுப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கெட்டிக்காரத்தனத்தைக் கல்யாணத்துக்குப் பிறகு காட்டலாம், அதற்கு ஆயுள் முழுக்க நேரம் இருக்கிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு இந்தப் புத்தி இல்லை. பள்ளியில் சமையல் பாடத்தில் முதல் பரிசு வாங்கியவள் நான். (பரிசு ஒரு கரண்டி. அதற்கே அவ்வளவு திமிர்!)

அப்போது பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். மாப்பிள்ளைக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. போட்டோவைப் பார்த்ததுமே கட்டினால் இவரைத்தான் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். பயமெல்லாம் அவருடைய அப்பாவை நினைத்துத்தான். மதுவிலக்குச் சங்கத்தில் முக்கியப் புள்ளி, கள்ளுக்கடை வாசலிலேயே நின்று கள்ளை எதிர்த்துப் பேசுகிற ஆள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அவரை அசத்துவதற்காக அன்னாசிப் பானம் போட்டேன். டேக்கா சந்தையில் கனிந்த பழமாக வாங்கி, தோலோடு நறுக்கி, குலா மலாக்கா வெல்லமும் கிராம்பும் சேர்த்து ஊறுகாய் ஜாடியில் ஊறவைத்தேன். முதலில் சொல்லியிருந்தபடி மறுநாளே அவர்கள் வந்திருந்தால் ஒரு வம்பும் இல்லை. "காலண்டரைப் பாக்காம நாள் சொல்லிட்டோம். அஷ்டமி, நவமி போகட்டும், வெள்ளிக்கிழமை வர்றோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பானத்தைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. தினமும் ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்ப்பேன், புளிக்கும். உடனே ஒரு கட்டி வெல்லம் போடுவேன். மறுநாள் இன்னும் புளிக்கும். இன்னொரு கட்டி. வெள்ளிக்கிழமை காலையில் மூடியைத் திறந்தால் நுரை பொங்கி நின்றது. சோடா ஊற்றாமலேயே சோடா மாதிரி வந்திருக்கிறதே என்று என் கைப்பக்குவத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மாலையில் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அன்று விரதம், காலையிலிருந்து சாப்பிடவில்லை. முதல் டம்ளரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "அருமைம்மா!" என்றார். மாப்பிள்ளை ஒரு வாய் குடித்தார், என்னைப் பார்த்தார். அது பெண்ணைப் பார்க்கிற பார்வை இல்லை. கண்கள் பிதுங்க, டம்ளரை மெல்லக் கீழே வைத்தார். அவருடைய அப்பா அதையும் எடுத்துக் குடித்தார். பிறகு மனைவியின் டம்ளரையும் வாங்கிக்கொண்டார்.

என் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய் ஜாடியை முகர்ந்து பார்த்தாள். "அடிப்பாவி! கள்ளுக்கடை வாசனை லா இது!"

கல்யாணம் போச்சு, மானமும் போச்சு என்று அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குள் கூடத்தில் கணீரென்று ஒரு குரல் கேட்டது. எட்டிப் பார்த்தால், மாப்பிள்ளையின் அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். "தமிழர்களே! கள்ளைத் தொடாதீர்கள்! தொட்டவன் உருப்பட்டதில்லை!" என்று முழங்கினார். கூடத்தில் இருந்த தமிழர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் காலி டம்ளரை என் பக்கம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றார்.

அதோடு விடாமல் மேலும் பேசினார். "நகை, சீரு ஒண்ணும் வேணாம்! தங்கமான பொண்ணு. தட்டை மாத்துங்க!"

"என்னங்க, வீட்டுக்குப் போயி யோசிச்சு சொல்லலாங்க" என்று அவர் மனைவி கெஞ்சினார்.

"யோசிக்க என்ன இருக்கு?"

என் அப்பா நல்லவர்தான், ஆனால் ஏமாளி இல்லை. சம்பந்தி சொல்லி முடிப்பதற்குள் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்து நின்றார். தாம்பூலம் கைமாறியது. தட்டு மாறிவிட்டால் பேச்சு மாறக் கூடாது என்பதுதான் எங்கள் வழக்கம்.

மறுநாள் மாப்பிள்ளையின் அப்பா தனியாக வந்தார். தட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"நேத்து நீ குடுத்தது என்னம்மா?"

"ப... பழரசம், மாமா."

பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "பழரசம்தான். யாரு கேட்டாலும் பழரசம்தான். முகூர்த்தத்தைத் தையில வச்சுக்கலாம்" என்றார். அவர் படியிறங்கியதும் ஓவென்று அழுதேன்.

இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த என் கடைசி மகள் இப்போது பழங்களிலிருந்து வைன் தயாரிக்கிறாள். அன்னாசி, குலா மலாக்கா, கிராம்பு போட்டுப் புதிதாக ஒன்று செய்து, முதல் பாட்டிலைத் தாத்தாவின் திவசத்தன்று படையலில் கொண்டுவந்து வைத்தாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மதுவிலக்குக்காரர் படத்துக்கு முன்னால் வைனா? "எடுடி அதை!" என்று கத்தினேன்.

என் கணவர் பதறவே இல்லை. "ஐஸ் போட்டு வைம்மா. ஐஸ் இல்லாம அப்பா குடிக்க மாட்டாரு" என்றார்.

"எப்போ குடிச்சாரு?"

"நீ பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனப்பல்லாம் நானும் அப்பாவும் ஒரு ஜாடி போடுவோம் லா."

எனக்கு நாலு பிள்ளைகள். ஒவ்வொரு முறையும், "அவசரமே இல்லம்மா, நல்லா இருந்து ஓய்வெடுத்துட்டு வா" என்று டாக்சி வரைக்கும் வந்து வழியனுப்பியவர் மாமனார்தான். இப்படியொரு மாமனார் யாருக்குக் கிடைப்பார் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கிறேன். இப்போது எங்கள் குடும்பத்தில் யாராவது உண்டாகியிருப்பதாகச் செய்தி வந்தால், வாழ்த்துச் சொல்வதற்கு முன்னால் எல்லாரும் அவளுடைய புருஷனைப் பார்த்துத்தான் கேட்கிறார்கள்: "அன்னாசி வாங்கியாச்சா?"