அறுபதாம் நம்பர் காபித்தூள்

ஜவுளிப் படிப்பில் நான் முதல் வகுப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப் போக உங்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கல்லூரி முடித்ததும் ராயபுரத்தில் அத்தாவின், அதாவது என் அப்பாவின், சின்ன பனியன் கம்பெனியில் சேர்ந்தேன். முதல் சம்பளத்தில் காபிக்கொட்டை அரைக்கும் கை மெஷின் வாங்கினேன். தூளின் பருமனை மாற்ற அதில் ஒரு திருகு. எந்தப் படியில் வைப்பது? யோசிக்கவே இல்லை. நூலில் நாற்பதாம் நம்பரைவிட அறுபதாம் நம்பர் மெல்லிசு, உசத்தி. அப்படியானால் தூளும் எவ்வளவு நைஸோ அவ்வளவு உசத்தி! (பனியன் ஊரில் பிறந்தவருக்கு மட்டுமே வரும் ஞானம்.)

அன்று வெள்ளை டி-ஷர்ட் சரக்கு கிளம்பும் நாள். சரக்கை வாங்கும் பையர் அனுப்பிய இன்ஸ்பெக்டர் 'பாஸ்' போட்டால்தான் பெட்டிகள் லாரி ஏறும். வந்தவர் பெயர் செந்தில். சிரிப்பையும் டேப் வைத்து அளந்துதான் விடுவார் போல.

"கடையில டீ சொல்லிரலாம் கண்ணு" என்றார் அத்தா.

"கடை டீயா? நான் பார்த்துக்கறேன் அத்தா!"

சமையலறை என்று ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் அங்கே போட்டால் யார் பார்ப்பார்கள்? செக்கிங் டேபிளிலேயே, செந்தில் பிரித்து வைத்த டி-ஷர்ட்களுக்குப் பக்கத்தில் ஃபில்டரை வைத்தேன். முகப்பவுடர் மாதிரி அரைத்து, கொதிநீர் ஊற்றினேன்.

கால் மணி நேரம் ஆயிற்று.

"எறங்குதுங்களா?" என்றார் செந்தில்.

"எறங்கிட்டே இருக்குதுங்க."

கீழ்ப் பாத்திரம் பாலைவனம். கரண்டியால் தட்டினேன். கத்தரிக்கோல் பிடியால் தட்டினேன். கடைசியில் மூடியைத் திறந்து, உள்ளே இருந்த அமுக்கியைப் பிடித்து முழு பலத்தோடு ஒரு அமுக்கு. மேல் பாத்திரம் சாய்ந்தது. காபிச் சேறு பாய்ந்து மூன்று வெள்ளை டி-ஷர்ட்களில் போய்ப் படுத்தது.

செந்தில் பேனாவை எடுத்தார். "கறை மேஜர் டிஃபெக்டுங்க."

"அது சரக்கோட கறை இல்லீங்க, என்னோட கறைங்க!"

"ரிப்போர்ட்ல அதுக்குக் கட்டம் இல்லீங்களே."

அத்தா தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். அதைப் பார்த்தோ என்னவோ செந்தில் பேனாவை மூடினார். "சரிங்க, வேற பெட்டிகளைப் பிரிங்க. மொதல்ல இருந்து பாக்கறேன்."

ஒட்டிய பெட்டிகளையெல்லாம் மறுபடி பிரித்தார்கள். டேப்பைக் கிழித்தபடி பேக்கிங் செல்வியக்கா சொன்னார்: "அம்மணி, அடுத்த தடவ பாயசமே வெச்சுருங்க. அதாச்சும் வெள்ளையா இருக்கும்."

லாரி இரண்டு மணி நேரம் காத்திருந்தது. ஒருவழியாகப் 'பாஸ்'. கிளம்பும்போது செந்தில் ஃபில்டருக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, ரொம்ப நெருக்கமா பின்னுன துணிக்குள்ள சாயம் எறங்குமுங்களா?"

இறங்காது. பரீட்சையில் இதே கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

மறுநாளே திருகைத் தளர்த்தி, விரலில் நறநறவென்று படும் அளவுக்கு அரைத்தேன். சொட்டுச் சொட்டாக இறங்கியது பாருங்கள், கருந்தேன்! இன்றைக்கு ராயபுரத்தில் என் டிகாஷனுக்கு ஈடில்லை. செல்வியக்காவே ஒப்புக்கொள்கிறார் (வெள்ளைத் துணியையெல்லாம் உள்ளே எடுத்து வைத்துவிட்டுத்தான் டம்ளரைத் தொடுவார்).

வீட்டில்தான் ஒப்புக்கொள்ள ஆளில்லை. போன வாரம் பாலத்திலிருந்து கீழே இறங்காமல் வண்டிகள் அடைத்து நின்றன. அரை மணி நேரம். அத்தா ஸ்கூட்டரை அணைத்துவிட்டு, பின்னால் இருந்த என்னை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, இதையும் நீதான் அரைச்சியா?"