அபு வஸீமின் முறை

அன்று அந்த வீட்டுக்குப் போனவர்கள் பதினொரு பேரா, பதிமூன்று பேரா என்பது எனக்கு இப்போது சரியாக நினைவில்லை. நானும் அதில் ஒருவன் என்பது உறுதி. காபி கசந்தது என்பதும் உறுதி. மற்றபடி, குண்டு விழுந்தது திங்களா செவ்வாயா என்று மாஹிரிடம்தான் கேட்க வேண்டும். அவன் அந்த நாளைப் பற்றிப் பேசுவதில்லை. நான் சொல்வதில் கொஞ்சம் கற்பனையும் கலந்திருக்கலாம். எந்த இடத்தில் கலந்தது என்று எனக்கே தெரியாது.

செவ்வாய் என்றே வைத்துக்கொள்வோம். ஆசிரியர் அறையில் மாஹிர் மடிக்கணினியைப் பார்த்தபடி ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"ஏழு லட்சம் பேர்" என்றான்.

"யாரு?"

"செத்தது."

மாஹிர் எங்கள் இர்பித் நகரப் பள்ளியில் கணக்கு வாத்தியார். நான் வரலாறு. செத்தவர்களை எண்ணுவது என் வேலை என்பதால் எட்டிப் பார்த்தேன். திரையில் ஒரு நகரம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் இருந்தது. வட்டத்தின் மேல் ‘வஸீம்’ என்று எழுதியிருந்தது.

"இது தீமாவோட அப்பா ஊருடா" என்றான் மாஹிர். அழுதுவிடுவான் போலிருந்தது.

தீமா எங்கள் பள்ளியின் ஆங்கில ஆசிரியை. வரும் வெள்ளிக்கிழமை மாஹிர் வீட்டுப் பெரியவர்கள் அவளைப் பெண் கேட்கப் போவதாக ஏற்பாடு. அவள் அப்பா சுங்கத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வஸீம் என்ற ஒரே மகன் குவைத்தில் இருந்ததால், ஊர் வழக்கப்படி அவர் பெயர் அபு வஸீம், வஸீமின் தகப்பன். அதிகம் பேசாதவர். அவரிடம் எப்படி ஒட்டுவது என்று மாஹிர் தவித்துக்கொண்டிருந்த காலத்தில், விடைத்தாள் கட்டுகளைக் கொடுப்பதற்காக ஒருமுறை தீமாவின் வீட்டு வாசலில் நின்றான். கூடத்தில் ஒரு கணினி. அதில் அவன் கல்லூரி நாட்களிலிருந்து ஆடிவரும் அதே விளையாட்டு. மூலையில் ‘அபு வஸீம்’ என்று பெயர். பக்கத்து நாற்காலியில் அவர், கையில் தஸ்பீஹ் என்னும் ஜெபமாலையோடு.

மாஹிர் வீட்டுக்கு ஓடி அந்தப் பெயரைத் தேடிப்பிடித்து ஆட அழைத்தான். தன் பெயரை ‘கணக்கு வாத்தியார்’ என்று வைத்துக்கொண்டான். தீமாவிடம்கூடச் சொல்லவில்லை. பெண் கேட்கும் நாளில், ‘அது நான்தான் மாமா’ என்று சொல்லி அசத்துவது திட்டம்.

அவசரமே இல்லாத விளையாட்டு அது. ஒருவர் தன் முறையில் நகரம் கட்டி, கோதுமை விளைத்து, படையை நகர்த்திவிட்டு ‘முடிந்தது’ என்பார். அடுத்தவர் தன் முறையை ஆடும்வரை உலகம் அப்படியே நிற்கும். ஏழு மாதமாக நாளுக்கு ஒரு முறை. பேச்சு கிடையாது. பேசாமலே ஒருவரைப் புரிந்துகொண்டுவிட முடியும் என்று மாஹிர் நம்பினான். அப்போது நானும் நம்பினேன்.

"அது சரி, உனக்கு எதுக்குடா அணுகுண்டு?"

"எல்லாரும் ஒண்ணு செஞ்சு வெச்சுக்கறதுதான். வீட்ல தீயணைக்கிற உருளை வெச்சிருக்க மாட்டாங்களா, அது மாதிரி."

"போட்டது ஏன்?"

"போடல! கோதுமை அனுப்பினேன்!"

வெள்ளிக்கிழமை வருகிறதே என்று வருங்கால மாமனாருக்கு ஆயிரம் மூட்டை கோதுமை அன்பளிப்பாக அனுப்ப நினைத்திருக்கிறான். ஆயிரம் போதாது, இரண்டு மடங்காக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. பட்டியலில் ‘தர்ப்’ என்று ஒரு பொத்தான். அரபியில் பெருக்கலுக்கும் தர்ப் என்றுதான் பெயர். அடிப்பதற்கும், அதாவது குண்டு போடுவதற்கும், அதே பெயர். பதினொரு வருடமாகக் கரும்பலகையில் தர்ப், தர்ப் என்று எழுதிவந்தவனுக்கு இரண்டாவது பொருள் தோன்றவே இல்லை. மாஹிர் பெருக்கினான். வஸீம் நகரம் சுத்தமாகப் பெருக்கப்பட்டுவிட்டது.

"மன்னிப்புக் கேளு" என்றேன்.

அந்த விளையாட்டில் சொந்தமாக எதையும் எழுத முடியாது. தயாராக இருக்கும் வாக்கியங்களில் ஒன்றைத்தான் அனுப்ப வேண்டும். இருந்தவற்றில் பணிவாகத் தெரிந்த ஒன்றை அனுப்பினான்: ‘உங்கள் துயரத்தை அறிவோம்.’ அது போய்ச் சேர்ந்த பிறகுதான் வாக்கியத்தின் இரண்டாம் பாதி திரையில் வந்தது: ‘சரணடைந்தால் சீக்கிரம் முடியும்.’

"சரி, ஆளனுப்பிச் சுத்தம் பண்ணிக் குடு" என்றேன்.

சாம்பலை அள்ளுவதற்கு ஆறு கூலியாட்களை அனுப்பினான். எல்லைக் கோட்டை அவர்கள் தாண்டியதும் முரசு கொட்டியது. ‘கணக்கு வாத்தியார் படையெடுத்தார்!’

மாஹிர் ‘முடிந்தது’ என்பதை அழுத்தினான். ‘அபு வஸீமின் முறைக்காகக் காத்திருக்கிறோம்’ என்றது திரை. அன்று முழுவதும் அதையே சொன்னது. மறுநாளும்.

"சும்மா இருந்துடு. கணக்கு வாத்தியார் யாருன்னு அவருக்குத் தெரியாதில்ல?" என்றேன். சும்மா இருப்பது எனக்குப் பிடித்த யோசனை. எல்லாவற்றுக்கும் நான் அதைத்தான் சொல்வேன்.

"கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சா? பொண்ணைக் கையோட கூட்டிட்டுப் போயிடுவாரு."

வியாழக்கிழமை தீமாவே அவனை நடைவழியில் நிறுத்தினாள்.

"மாஹிர், நாளைக்கு வேண்டாம்னு தோணுது. வீட்ல நெலமை சரியில்ல. மூணு நாளா அடுப்பே பத்தவைக்கல. கடையில வாங்கின ஹம்முஸ், ரொட்டி. மறுபடி ரொட்டி, ஹம்முஸ். அப்பா வாயே தொறக்கல."

"உங்கப்பா எப்பவுமே வாய் தொறக்க மாட்டாரே?"

"இப்ப சாப்பிடக்கூடத் தொறக்கல. 'யாரையும் நம்பக் கூடாது'ன்னு வீட்ல ஒரே புலம்பல்."

மாஹிர் என்னைப் பார்த்தான். ஒரு மனிதரின் துக்கத்தில் வீடே பட்டினி கிடக்கிறது. நேராகத் தன் பெரியப்பாவிடம் போனான். எண்ணிக்கைக்காக என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

பெரியப்பா ஹாஜ் ஃபவ்வாஸ் சமாதானத் தூதுகளுக்குப் பேர்போனவர். விபத்து, வெட்டுக்குத்து, நிலத்தகராறு எதுவானாலும், தவறு செய்தவன் பக்கத்துப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு எதிராளி வீட்டுக்குப் போவார். கொடுக்கும் காபியைக் குடிக்காமல் முன்னால் வைப்பார். ‘கேட்டது கிடைத்தது, குடியுங்கள்’ என்று வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் கோப்பையைத் தொடுவார். பெண் கேட்பதும் அப்படித்தான்.

"எத்தனை பேர் செத்தாங்க?" என்றார் பெரியப்பா.

"ஏழு லட்சம் பெரியப்பா. ஆனா விளையாட்டுல."

"விளையாட்டாக் கொன்னாலும் கொலை கொலைதான்டா."

"கம்ப்யூட்டர் விளையாட்டு, பெரியப்பா."

"அதையெல்லாம் என்கிட்ட வெளக்காதே. பெருசா எழுபது வழக்குத் தீர்த்திருக்கேன், ஒண்ணும் எனக்குப் புரிஞ்சதில்ல. புரிஞ்சா ஒரு பக்கம் சாஞ்சிடுவோம்." கொஞ்ச நேரம் தாடியை உருவினார். "ரெண்டு விஷயத்துக்கு ஒரு கோப்பை பத்தாது. மொத கோப்பை மன்னிப்புக்கு, ரெண்டாவது பொண்ணுக்கு. நீ வாயைத் தொறக்காதே."

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து போனோம். அபு வஸீம் எங்களை உட்காரவைத்து, தானே காபி ஊற்றினார். பெரியப்பா தன் கோப்பையைத் தரையில் வைத்தார்.

"அபு வஸீம், எங்க பையன் கையால ஒரு தப்பு நடந்துபோச்சு. என்ன தப்புன்னு சபையில சொல்றது மரியாதையில்ல. உங்களுக்குத் தெரியும், அல்லாவுக்கும் தெரியும். நீங்க மன்னிச்சாத்தான் இந்தக் காபி."

அபு வஸீம் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். விருந்தாளியிடம் ‘எந்தத் தப்பு?’ என்று கேட்பது வீட்டுக்காரருக்கு அழகில்லை. காபிக் குடுவையைக் கீழே வைக்காமல் யோசித்தார். நான் அனுபவித்த மிக நல்ல மௌனங்களில் அதுவும் ஒன்று. கடைசியில் அவர் முகம் தெளிந்தது.

"ஓ, அதுவா! போனா போகட்டும். கண்ணாடிதானே, வேற மாட்டிக்கலாம். குடிங்க ஹாஜி, குடிங்க."

ஏழு லட்சம் பேர் சாம்பலாகியிருக்கிறார்கள். மனிதர் கண்ணாடி என்கிறார்! மாஹிரின் கண்கள் கலங்கின. பெரியப்பா அந்தப் பெருந்தன்மையில் நெகிழ்ந்து ஒரே மடக்கில் குடித்தார். கோப்பையின் சூடு ஆறுவதற்குள் இரண்டாவது கோப்பையை வாங்கி வைத்தார்.

"அப்படின்னா, உங்க பொண்ணு தீமாவை எங்க மாஹிருக்குக் கேக்கறோம்."

"கேட்டது கெடைச்சுது. குடிங்க."

உள்ளே பெண்கள் குலவையிட்டார்கள். ஒரு குரல் மற்றவற்றை மிஞ்சி உச்சத்தில் நின்றது. தீமாவின் அம்மா உம்மு வஸீமாகத்தான் இருக்க வேண்டும். கட்டித்தழுவல்கள் நடந்தன. அந்தச் சந்தடியில் அபு வஸீம் மாஹிரின் காதோரம் குனிந்தார்.

"மாப்பிள்ளை, ஒண்ணு மட்டும் சொல்லு. கார்ல ரெண்டு பக்கக் கண்ணாடியும் போயிருக்கு. நீ ஒடைச்சது எந்தப் பக்கம்?"

"கார் கண்ணாடியா?" மாஹிர் திகைத்தான். "நான் வஸீம் நகரத்து மேல அணுகுண்டு போட்டதுக்குத்தானே மன்னிப்புக் கேட்டோம்! அந்தக் கணக்கு வாத்தியார் நான்தான் மாமா!"

அவன் நினைத்ததைவிடச் சத்தமாகச் சொல்லிவிட்டான். உள்ளே குலவை பாதியில் நின்றது.

அபு வஸீம் வெறுமனே பார்த்தார். "எந்த நகரம்? எந்தக் குண்டு?"

உள்ளறைத் திரை விலகியது. உம்மு வஸீம் கதவருகே நின்றார். கையில் இனிப்புத் தட்டு. மாஹிரைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தார்.

"இவருக்கு டிவியே நான்தான் போட்டுக் குடுக்கணும்" என்றார் கணவரைக் காட்டி. "இன்டர்நெட் அவரு பேர்ல வாங்கினது, அவ்வளவுதான்."

பெரியப்பா குடித்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். எழுபது வழக்குகளில் அவர் பாதி குடித்த காபியை வைத்தது அந்த ஒரு முறைதான்.

"குடிங்க ஹாஜி, ஆறிடும். வாக்குக் குடுத்தாச்சு, பொண்ணு உங்களுக்குத்தான்" என்ற உம்மு வஸீம், மாஹிரின் முன்னால் தட்டை நீட்டினார். "எடுத்துக்கோ மாப்பிள்ளை. நல்லா சாப்பிடு. இப்ப என் முறை."

அக்டோபரில் கல்யாணம் நடந்தது. மாஹிரின் கடைசி நகரம் அதற்கு முந்தைய வியாழக்கிழமை விழுந்தது. குண்டு விழுந்த பிறகு அந்த மூன்று நாளும் உம்மு வஸீம் அடுப்பை அணைத்துவிட்டு எதிரடிக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார் என்று தீமா பிறகு சொன்னாள். ஹாஜ் ஃபவ்வாஸ் இப்போதும் தூது போகிறார், கோப்பையை எடுக்குமுன் உள்ளறைப் பக்கம் திரும்பி, "அங்கேயும் சம்மதமா?" என்று கேட்டுக்கொள்கிறார். அபு வஸீமின் கார்க் கண்ணாடிகளை உடைத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. நான் அந்தப் பள்ளியை விட்டு வந்துவிட்டேன். வஸீம் குவைத்தில் நலமாக இருக்கிறான்.