பதினொரு மணித் தவிடு

பொதுமக்கள் நலனைக் காக்கும் ஊழியர்களின் நலனைக் காக்கும் பொருட்டு, முதலில் அவர்களுடைய குடலைக் காப்பதென்று எங்கள் தலைமையகம் முடிவெடுத்தது. நார்ச்சத்து செரிமானத்தைச் சீராக்கும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கும், இதயத்துக்கு நல்லது என்று நாலு பக்கச் சுற்றறிக்கை வந்தது. அத்தனையும் உண்மை. அதனால்தான் யாராலும் எதிர்த்துப் பேச முடியவில்லை.

தினமும் பதினொரு மணிக்கு மணியடிக்கும். ஆளுக்கு இரண்டு கரண்டி கோதுமைத் தவிடு. விழுங்கிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். வாயில் தவிட்டோடு போட்ட கையெழுத்து செல்லாது.

தண்ணீரா? குடிதண்ணீர் எந்திரம் கெட்டு இரண்டு வருஷமாகிறது. எப்போதோ யாரோ ஒரு கோப்பின் மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டதால், பாட்டில் கொண்டுவரவும் தடை. வீட்டில் குடிக்கிற தண்ணீர் அலுவலகத் தவிட்டுக்குப் போதவில்லை.

ஐந்தாவது நாள் எங்கள் டைப்பிஸ்ட் அக்கா முகம் வெளிறிப்போய், வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலாளர் அறைக்குள் போனார். பாவம், பார்க்கவே சகிக்கவில்லை. என் வயிறும் கல்லாகத்தான் கிடந்தது. ஆனால் நான் கௌரவமானவன், வெளியே சொல்லவில்லை. துணைக்குக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"சார், குடிக்கத் தண்ணி வேணும்."

"சுற்றறிக்கையில தண்ணின்னு ஒரு வார்த்தை இருக்காம்மா?"

"தவிடு தண்ணியை இழுக்கும் சார். தண்ணி இல்லாட்டி நகரவே நகராது, உள்ளேயே உக்காந்துக்கும்."

"உக்காரட்டுமே! இங்க நாம எல்லாரும் உக்காந்துதானே இருக்கோம்?"

"அஞ்சு நாளாச்சு சார்!"

"அஞ்சு நாளெல்லாம் ஒரு தாமதமாம்மா? தண்ணி வேற பிரிவு. நம்ம பிரிவு நார் மட்டும்தான்."

மாதக் கடைசியில் படிவம் வந்தது. 'நார்ச்சத்தால் பயனடைந்தேன்: ஆம் / இல்லை.' அக்கா 'இல்லை' என்று அழுத்தி எழுதினார்.

"தாராளமா எழுதும்மா," என்றார் மேலாளர். "அஞ்சு டாக்டருங்க கொண்ட குழு முன்னாடி போய் ஆதாரத்தோட நிரூபிக்கணும், அவ்வளவுதான்."

"வராததுக்கு என்ன சார் ஆதாரம் காட்டுறது?"

"அது உங்க பொறுப்பு."

அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். "எல்லாரும் இல்லைன்னு எழுதுங்கப்பா. அப்ப தண்ணி குடுத்துத்தானே ஆகணும்?"

எங்கள் எல்லாருக்கும் திடீரென்று தலைக்கு மேல் வேலை வந்துவிட்டது. முதல் 'ஆம்' நான்தான் எழுதினேன். வெட்கக்கேடுதான், ஆனால் ஐந்து டாக்டர்கள்! மொத்தம் நாற்பத்திரண்டு 'ஆம்' விழுந்தது. அக்காவும் தன்னுடையதை அடித்துத் திருத்தினார்.

தவிட்டால் அதிகம் பயனடைந்த அலுவலகத்துக்குப் பரிசு கொடுக்கத் தலைமையகத்திலிருந்து ஆய்வுக் குழு வந்தது. எங்களுக்கு இருக்கும் ஒரே கழிவறையைத் திறந்து பார்த்தது. தரை காய்ந்து கிடந்தது. குழாயில் சிலந்தி கூடு கட்டியிருந்தது. குழுத் தலைவர் கண் கலங்கிவிட்டார். "என் சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமான கழிவறையைப் பார்த்ததே இல்லை!"

முதல் பரிசு எங்களுக்கே. பரிசு என்ன தெரியுமா? புத்தம் புதுக் குடிதண்ணீர் எந்திரம்!

அது வந்திறங்கிய அன்று பதினொரு மணித் தவிட்டை முழுங்கிவிட்டு, அக்கா நின்றபடியே ஆறு டம்ளர் குடித்தார். நாங்கள் முண்டியடித்தோம். அடடா, தண்ணீருக்கு இத்தனை ருசியா!

மூன்று மணிக்கு நாற்பத்து மூன்று வயிறும் ஒன்றாக முழங்கின. வராந்தாவில் ஓட்டமான ஓட்டம். அக்காதான் முன்னால்.

கழிவறைக் கதவில் புதுப் பலகை: 'நார்ச்சத்துச் சிறப்புப் பிரிவு.' யாரும் பயன்படுத்தாத அறையாம்; ஆய்வுக் குழுவின் பரிந்துரைப்படி காலையில்தான் மாற்றினார்களாம். அக்கா இரண்டு கையாலும் கதவைத் தட்டினார்.

புது அதிகாரி எட்டிப் பார்த்தார். "என்ன கூட்டம் இது?"

"ஐயா, கழிவறை…"

அவர் மேசையிலிருந்து எங்கள் படிவங்களை எடுத்துக் காட்டினார். "இந்த அறைக்கு வராமலே பயனடைஞ்சோம்னு நாப்பத்து மூணு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே! இதோ, முதல் கையெழுத்து யாரோடது?"

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். பதில் சொல்ல எனக்கு நேரமில்லை.