ஷார் ஓட்டிய கார்

புதுச்சேரியிலேயே இவ்வளவு மரியாதை வாங்கிய வாத்தியார் வேறு யாரும் இல்லை என்று ஆறு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். முத்தியால்பேட்டையில் எங்கள் கீழ்வீட்டுக்காரரைத் தெருவே 'ஷார்' என்றுதான் கூப்பிட்டது. இந்தப் பக்கம் 'சார்' இப்படித்தான் வரும்போல என்று நினைத்து, ஆசிரியர் தினத்தன்று டீக்கடை வாசலில் வைத்து அவருக்குச் சால்வையும் போட்டுவிட்டேன்.

டீக்கடைக்காரர் சிரித்த சிரிப்பில் பாய்லர் ஆடியது. "அண்ணே, அவரு சாரு இல்ல, ஷாரு! பிரெஞ்சுல டாங்கின்னு அர்த்தம். பிரான்ஸ் பட்டாளத்துல டாங்கி ஓட்டுனவரு!"

ஷார் சால்வையைத் திருப்பித் தரவில்லை. பதிலுக்கு அன்று முதல் எனக்குப் பாடம் எடுத்தார்.

"ஆ-எம்-இக்ஸ் முப்பது, அதான் என் டாங்கி பேரு. முப்பத்தாறு டன்னு தம்பி. ஆனா இரும்பு மெல்லிசு. ஏன்னு கேளு."

"ஏன் ஷார்?"

"எவ்ளோ தடியா போட்டாலும் குண்டு தொளச்சிடுது. அதான் எடையைக் கொறச்சி, ஓடித் தப்பிக்கிற மாதிரி செஞ்சான்."

முதுகைக் காட்டி ஓடுவதற்கென்றே ஒரு டாங்கி! நம்ம ஜாதியாயிற்றே என்று அதன்மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது.

"பாலைவனச் சண்டைக்கெல்லாம் போச்சி," என்பார்.

"நீங்க?"

"என் வண்டிக்கு கியர் பாக்ஸ் மாத்திக்கினு இருந்தாங்க," என்று பார்வையைத் திருப்பிக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு எனக்கு நெஞ்சை அடைத்தது. வியர்த்துக் கொட்டியது. மனைவி ஊரில் இல்லை. நான் போட்ட கூச்சலில் ஷார் மாடியேறி வந்து, என் கார் சாவியை எடுத்தார். "கதிர்காமம் ஆஸ்பத்திரி. அலே, கெளம்பு!"

சீட்டைத் தரையோடு தரையாகத் தாழ்த்திக்கொண்டார். டாங்கி ஓட்டுகிறவனுக்கு ஒரு சின்னக் கீற்று வழியாகத்தான் வெளியே தெரியுமாம். மேலே நிற்கும் கமாண்டர் சொன்னால்தான் வண்டியைத் திருப்ப வேண்டுமாம்.

"நீதான் கமாண்டர். எழுந்து குந்து. ஆர்டர் குடு!"

"ஷார், நான் சாகப்போறேன்!"

"கமாண்டர் செத்தா சுடுறவன் பொறுப்பேத்துக்குவான். இங்க சுடுறவன் இல்ல. அதனால நீ சாவ முடியாது. கோஷ்னா இடது, த்ருவாத்னா வலது. சொல்லு!"

உயிர் போகிற நேரத்தில் பிரெஞ்சு வகுப்பு. பயத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிக் கத்தினேன். அவர் ஒரு முறைகூட மறுத்துப் பேசவில்லை. மேற்கே போக வேண்டிய கார், கிழக்கே வைத்திக்குப்பத்தில் இரண்டு படகுகளுக்கு நடுவே கடலைப் பார்த்து நின்றது.

மீன் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாய்யா, இப்டியே பிரான்சுக்குப் போறீங்களா?"

"கமாண்டர் ஆர்டரு," என்றார் ஷார் விறைப்பாக.

மணலில் குலுங்கிக் குலுங்கி ரிவர்ஸ் எடுத்தபோது என்னிடமிருந்து ஓர் ஏப்பம் புறப்பட்டது. படகின் மேல் உட்கார்ந்திருந்த காக்கை பறந்துவிட்டது. வலியும் போய்விட்டது.

"சரியாயிடுச்சி ஷார். வீட்டுக்கே போயிடலாம்."

"அத டாக்டர் சொல்லட்டும்."

கமாண்டரின் ஆர்டரை அவர் மீறியது அந்த ஒரு தடவைதான். அதன்பிறகு இடதா வலதா என்று கேட்கவே இல்லை. நேராகக் கதிர்காமத்துக்கு ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். "வாயு," என்றார் டாக்டர்.

வெளியே வந்தேன். ஸ்ட்ரெச்சரில் ஏற்றியபோது கழன்று விழுந்த என் செருப்பு இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் ஷார்.